பவர் சப்ளை பழுதாகி அடிவாங்கிய மதர்போர்டை மீட்பது: முழுமையான வழிகாட்டி

பவர் சப்ளை செத்துப்போன கணினியைக் கையில் எடுத்ததும் புதியவர்கள் செய்யும் முதல் வேலை, வேறொரு நல்ல பவர் சப்ளையை மாட்டிச் சுவிட்சைப் போடுவதுதான். பிழைத்திருக்க வேண்டிய போர்டுகள் அந்த ஒரு நொடியில் கருகிப்போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் அடியில் பெரும்பாலும் ஒரு சின்ன கெப்பாசிட்டரோ (மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகம்) ஒரு மாஸ்ஃபெட்டோதான் (மின்சாரத்தை வேகமாக ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச் பாகம்) ஷார்ட் ஆகியிருக்கும், அதாவது அதன் வழியே மின்சாரம் தடையின்றி நேராகக் கிரவுண்டுக்கு (மைனஸ் பக்கத்துக்கு) பாயும். நல்ல நிலையில் உள்ள புதிய பவர் சப்ளையோ 12 வோல்ட் லைனில் பல பத்து ஆம்ப் கொடுக்கும் திறனுள்ளது. அதன் பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொள்வதற்குள் ஷார்ட் ஆன இடத்தைச் சுற்றியுள்ள தடங்களும், சில நேரம் ப்ராசஸரும் போய்விடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்: பார்ப்பது, அளப்பது, குறைந்த மின்னோட்டத்தில் சோதிப்பது, அதற்குப் பிறகே முழு மின்சாரம்.

இது மேசைக் கணினி போர்டுகளுக்கான வழி. மடிக்கணினியில் மின்சாரப் பகுதியின் அமைப்பே வேறு.

1. உடனே செய்ய வேண்டியவை

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். பிளக் வெளியே வந்த பிறகு கணினியின் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமுள்ள மின்னேற்றம் வடியும்.

பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். அதனுள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். பழுதான பவர் சப்ளையில் அதை வடிக்கும் ரெசிஸ்டரும் போயிருக்கலாம். அப்படியானால் பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆனாலும் அது ஆளை அடிக்கும்.

அடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். சத்தம் வந்ததா, எங்கிருந்து வாசனை வந்தது, கணினி ஓடிக்கொண்டிருந்ததா அல்லது அணைத்த நிலையில் பிளக் மட்டும் சொருகியிருந்ததா, கூடவே வேறு என்னென்ன செத்தது. எந்த லைனில் வோல்டேஜ் எகிறியது என்பதற்கு இதுவே முதல் துப்பு. ஹார்ட் டிஸ்க்கும் மின்விசிறியும் சேர்ந்து போயிருந்தால் 12 வோல்ட் லைனைச் சந்தேகியுங்கள். கணினி அணைந்திருந்தபோதே போர்டு செத்திருந்தாலோ, சொருகியிருந்த யுஎஸ்பி பொருட்கள் போயிருந்தாலோ, 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன் (கணினி அணைந்திருந்தாலும் பிளக் சொருகியிருக்கும்வரை மின்சாரம் தரும் லைன்) குற்றவாளியாக இருக்கலாம். பழைய வடிவமைப்பு பவர் சப்ளைகளில் ஸ்டாண்ட்பை சுற்றில் உள்ள ஒரு சிறு கெப்பாசிட்டர் வறண்டுபோனால், அந்த லைன் 5 வோல்ட்டைத் தாண்டி மேலே ஏறிவிடும். அந்த அடி நேராகச் சிப்செட்டுக்கு (போர்டின் பாகங்களை ஒருங்கிணைக்கும் முதன்மைச் சிப்) போகும்.

2. தேவையானவை

முதல் ஆறு படிகளுக்கு ஒரு மல்டிமீட்டர், பளிச்சென்ற டார்ச், உருப்பெருக்கிக் கண்ணாடி, மணிக்கட்டில் கட்டும் ஆன்டி ஸ்டேட்டிக் பட்டை, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கி, புதிய சிஆர்2032 பேட்டரி, இவை போதும்.

ஷார்ட்டைத் தேடி மாற்றும் கட்டத்துக்கு மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய 60 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சால்டரிங் அயர்ன், ஹாட் ஏர் ஸ்டேஷன், நல்ல ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னல், வெப்பம் தாங்கும் கேப்டன் (Kapton) டேப் வேண்டும். பயாஸ் சிப்பை (கணினியைத் தொடக்கும் மென்பொருள் இருக்கும் சிப்) எழுத ஒரு புரோகிராமர் கருவி தேவைப்படலாம். தேவைப்படும்போது வாங்கினால் போதும்.

உங்கள் போர்டின் சர்க்யூட் படமோ போர்டு வியூ கோப்போ (எந்தப் பாகம் எங்கே என்று காட்டும் கோப்பு) கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். மாடல் எண்ணோடு போர்டில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணையும் சரிபாருங்கள். ஒரே மாடலின் இரண்டு ரிவிஷன்களில் பாகங்கள் இடம் மாறியிருக்கும்.

3. டேட்டாவை முதலில் கவனியுங்கள்

போர்டைத் தொடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கையும் எஸ்எஸ்டியையும் கழற்றித் தனியே வையுங்கள். மீட்பு வேலையின் எந்தக் கட்டத்திலும் அவை இந்தப் போர்டில் இருக்கக் கூடாது.

டிஸ்க்கின் பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலும், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலும் மின்தடை அளந்து பாருங்கள். இரண்டிலும் ஷார்ட் இல்லையென்றால் வேறொரு நல்ல கணினியில் மாட்டி டேட்டாவை நகலெடுங்கள். ஷார்ட் இருந்தால், பல 3.5 அங்குல டிஸ்க்குகளில் இருக்கும் டிவிஎஸ் டயோடு (வோல்டேஜ் எகிறினால் அதைத் தன் வழியே வடிக்கும் பாதுகாப்புப் பாகம்) தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்க வாய்ப்புண்டு. முக்கியமான டேட்டா என்றால் அதை நீங்களே கழற்றிப் பார்க்காமல் மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை வாங்கி அப்படியே மாற்றுவதும் வேண்டாம். அந்தந்த டிஸ்க்குக்குரிய அளவுத்திருத்தத் தகவல் அதிலுள்ள சிப்பில் இருக்கும்.

4. பழைய பவர் சப்ளையை ஒதுக்குங்கள்

வெடித்த அல்லது புகைந்த பவர் சப்ளையை மறுபடி சுவிட்ச் போட்டுச் சோதிக்க வேண்டாம். அப்படி எதுவும் நடக்காமல் வெறுமனே நின்றுபோனதென்றால், என்ன வோல்டேஜ் தருகிறது என்று பார்ப்பது பயன் தரும். எல்லாப் பாகங்களிலிருந்தும் பிரித்து, பழைய மின்விசிறி ஒன்றை மட்டும் சுமையாக மாட்டி, பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு இணைத்தால் அது இயங்கும். 24 பின் கனெக்டரில் பச்சை 16 ஆம் பின். எல்லாக் கம்பியும் கறுப்பாக உள்ள புதிய கேபிள்களில் பின் எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மேசைக் கணினிகளுக்கான ஏடிஎக்ஸ் தரப்படி 5 சதவீத ஏற்ற இறக்கம் ஏற்கத்தக்கது. 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் லைனும் ஸ்டாண்ட்பையும் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் லைன் 3.14 முதல் 3.47 வரை. எந்த லைன் எல்லை மீறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாகக் காட்டினாலும் அதை நம்பித் திரும்ப மாட்டாதீர்கள். சுமை ஏறும்போது மட்டும் தவறும் பவர் சப்ளைகள் நிறைய உண்டு.

இங்கே நான் அடிக்கடி காணும் தவறு ஒன்று. மாடுலர் பவர் சப்ளையை (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய வகை) மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டு, பெட்டியை மட்டும் மாற்றுகிறார்கள். கேபிளின் பவர் சப்ளைப் பக்கத்துப் பின் அமைப்புக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலேயே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய், பழைய பவர் சப்ளை விட்டுவைத்ததையும் புதியது கொன்றுவிடும். புதிய பவர் சப்ளையோடு வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

5. போர்டைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள்

கிராபிக்ஸ் கார்டு, ரேம், ப்ராசஸர், எம்.2 எஸ்எஸ்டி, காயின் பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ப்ராசஸரைக் கட்டாயம் எடுக்க வேண்டும். அது சாக்கெட்டில் இருந்தால் அடுத்த படியில் எடுக்கும் அளவு பொய் சொல்லும், ஷார்ட்டைத் தேடும்போது அதன் வழியாக மின்சாரமும் பாயும். சாக்கெட்டில் பின்கள் உள்ள வகை என்றால் பிளாஸ்டிக் மூடியை உடனே மாட்டிவிடுங்கள். வளைந்த சாக்கெட் பின்களோடு போராடுவது ஷார்ட்டைத் தேடுவதைவிடக் கடினம்.

எடுப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். பிறகு சிப்செட் மீதும் மாஸ்ஃபெட்கள் மீதும் உள்ள ஹீட் சிங்குகளைக் கழற்றுங்கள். கருகிய மாஸ்ஃபெட் அதன் அடியில்தான் ஒளிந்திருக்கும்.

டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தலை உப்பிய கெப்பாசிட்டர், ஓட்டை விழுந்த சிப், நிறம் மாறிய பலகை, நடுவே விரிசல் விட்ட பீங்கான் கெப்பாசிட்டர், இவற்றைத் தேடுங்கள். மூக்கையும் பயன்படுத்துங்கள். எரிந்த இடத்தின் வாசனை பல நாள் போகாது. உப்பிய கெப்பாசிட்டர் பெரும்பாலும் முதுமையின் அடையாளம். அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதைக் கண்டதும் காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

கரிப்புகை படிந்த இடத்தை ஆல்கஹாலால் துலக்கிக் காயவிட்டுத்தான் அளக்க வேண்டும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அழுக்கோடு அளந்தால் இல்லாத ஷார்ட்டைத் துரத்துவீர்கள்.

6. மின்தடை அளத்தல்

முழு வேலையிலும் அதிகப் பொறுமை கேட்கும் படி இதுதான். போர்டுக்கு எந்த மின்சாரமும் இல்லை, பேட்டரியும் வெளியே. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கறுப்பு முனையைத் திருகு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் வையுங்கள். சிவப்பு முனையால் போர்டிலுள்ள 24 பின் சாக்கெட்டை இந்த வரிசையில் தொடுங்கள்: 9 ஆம் பின், அதாவது 5 வோல்ட் ஸ்டாண்ட்பை. 1 ஆம் பின், 3.3 வோல்ட். 4 ஆம் பின், 5 வோல்ட். 10 ஆம் பின், 12 வோல்ட். பிறகு ப்ராசஸருக்கான தனி 4 அல்லது 8 பின் சாக்கெட்டின் 12 வோல்ட். இது பெரும்பாலான போர்டுகளில் தனி லைன் என்பதால் 24 பின்னில் அளந்ததோடு நிறுத்திவிடக் கூடாது.

முனையை வைத்ததும் எண்ணைப் படிக்காதீர்கள். சில நொடி காத்திருங்கள். எண் மெல்ல ஏறினால் கெப்பாசிட்டர்கள் ஏறுகின்றன என்று பொருள், நல்ல அறிகுறி. தொட்டதும் ஓரிரு ஓமில் அசையாமல் நின்றால் அந்த லைன் ஷார்ட்.

சரியான எண் எது என்று எல்லோரும் கேட்பார்கள். போர்டுக்குப் போர்டு மாறும். பொதுவாக 12 வோல்ட், 5 வோல்ட் லைன்களில் சில நூறு ஓம் முதல் பல கிலோ ஓம் வரை காட்டும். 3.3 வோல்ட் லைன் அதைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம். இந்த லைன்களில் எதுவாவது 5 ஓமுக்குக் கீழே போனால் கட்டாயம் நின்று தேட வேண்டும். அதே மாடல் நல்ல போர்டு கிடைத்து ஒப்பிட முடிந்தால் அதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

அடுத்து காயில்கள். ப்ராசஸர் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சதுரக் காயில்கள் ஒவ்வொன்றையும், ரேம் சாக்கெட் அருகே உள்ள காயில்களையும் தொட்டுக் கிரவுண்டுக்கு அளந்து எழுதுங்கள்.

புதியவர்கள் ஏமாறும் இடம் இங்கேதான் இருக்கிறது. மல்டிமீட்டரை பீப் ஒலி வரும் அளவில் வைத்து அளக்கிறார்கள். பல மீட்டர்கள் 30 அல்லது 50 ஓமுக்குக் கீழே எதைக் கண்டாலும் கத்தும். ப்ராசஸர் மாட்டியிருக்கும்போது அதன் மைய வோல்டேஜ் லைன் ஓரிரு ஓம்தான் காட்டும், சிலவற்றில் அதற்கும் கீழே. அது நலமான நிலை. பீப் கேட்டு நல்ல மாஸ்ஃபெட்களை எல்லாம் கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓம் அளவில் வைத்து எண்ணைப் படியுங்கள், ஒலியைக் கேட்காதீர்கள்.

கடைசியாக ஓர் அளவு, எனக்கு மிக முக்கியமானது. ப்ராசஸர் வெளியே இருக்கும் நிலையில், தனி 12 வோல்ட் சாக்கெட்டுக்கும் அந்தக் காயில்களுக்கும் இடையே அளவுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் மேல்பக்க மாஸ்ஃபெட் (12 வோல்ட்டைக் காயிலோடு இணைப்பது) ஒன்று உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் ப்ராசஸரை மாட்டி மின்சாரம் கொடுத்தால், சுமார் 1 வோல்ட்டில் ஓடும் ப்ராசஸருக்கு 12 வோல்ட் நேராகப் போகும். கணினியிலிருந்து எடுத்த ப்ராசஸர் ஏற்கெனவே அந்த அடியை வாங்கியிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

எந்த லைனிலும் ஷார்ட் இல்லையா? 7, 8 ஐத் தாண்டி நேராக 9 க்குப் போங்கள்.

7. ஷார்ட் எந்தப் பாகத்தில் என்று கண்டுபிடித்தல்

ஒரு லைனில் பத்து இருபது பாகங்கள் இணையாக நிற்கும். ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே ஷார்ட் போலத்தான் மீட்டரில் தெரியும். சூட்டை வைத்துத்தான் குற்றவாளியைப் பிரிக்க முடியும்.

பெஞ்ச் பவர் சப்ளையை 1 வோல்ட், 1 ஆம்ப் வரம்பில் வையுங்கள். மைனஸ் கிரவுண்டுக்கு, பிளஸ் ஷார்ட் ஆன லைனுக்கு. ஷார்ட் ஆன பாகம் வழியாகத்தான் பெரும்பகுதி மின்னோட்டம் ஓடும், அதுதான் சூடாகும். சூடு தெரியவில்லை என்றால் மின்னோட்ட வரம்பை மெதுவாக 3 ஆம்ப் வரை ஏற்றுங்கள். வோல்டேஜை அந்த லைனின் இயல்பான அளவுக்கு மேல் ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். குறைந்த வோல்டேஜில் தொடங்கக் காரணம், ஷார்ட் திடீரென விடுபட்டால் முழு வோல்டேஜும் நல்ல சிப்களுக்குப் போகும் என்பதே.

சந்தேகப் பகுதியில் ஆல்கஹாலை மெல்லிய படலமாகத் தடவுங்கள். எந்தப் பாகத்தின் மேல் முதலில் காய்கிறதோ அதுவே குற்றவாளி. வெப்பக் கேமரா இருந்தால் ஒரு பார்வையில் முடிந்துவிடும். ஆல்கஹால் தீப்பிடிக்கக்கூடியது. ஜன்னலைத் திறந்து வைத்து, சூடான அயர்னைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள். விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், சின்னப் பாகம் ஒரு நொடியில் தோலைச் சுட்டுவிடும்.

மாஸ்ஃபெட் வரிசையில் இன்னொரு சிக்கல் உண்டு. மாஸ்ஃபெட்டுக்கு மூன்று முனைகள்: மின்சாரம் பாயும் டிரெயின், சோர்ஸ், அந்தப் பாதையைத் திறந்து மூடும் கேட். மேல்பக்க மாஸ்ஃபெட்களின் டிரெயின் எல்லாம் ஒரே 12 வோல்ட் லைனில் சேர்ந்திருக்கும். கீழ்ப்பக்கத்தவை (காயிலைக் கிரவுண்டோடு இணைப்பவை) காயில்கள் வழியே ஒன்றோடொன்று இணைந்திருக்கும். டிரெயின், சோர்ஸ் இடையே அளந்தால் எல்லாம் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் ஒவ்வொன்றின் கேட் பின்னும் தனி. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே அளந்து ஒப்பிடுங்கள். மற்றவை கிலோ ஓம் காட்டும்போது ஒன்று மட்டும் சில ஓம் காட்டினால் அதுவே உருகியது. டிரைவரும் (கேட்டை இயக்கும் சுற்று) மாஸ்ஃபெட்டும் ஒரே சிப்புக்குள் இருக்கும் வகையில் இந்த வழி உதவாது, சூடுதான் வழி.

பெஞ்ச் பவர் சப்ளை இல்லாதவர்கள், ஷார்ட் ஆன லைனின் கனெக்டருக்கு மிக அருகில் உள்ள பீங்கான் கெப்பாசிட்டரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றி அளக்கலாம். நேரம் பிடிக்கும், நல்ல பாகங்களும் சேதமாகும். ஒரு சின்ன பெஞ்ச் பவர் சப்ளையை இரவல் வாங்குவது எவ்வளவோ மேல்.

8. பாகத்தை மாற்றுதல்

பீங்கான் கெப்பாசிட்டர் என்றால் கழற்றிவிட்டு மறுபடி அளவுங்கள். ஷார்ட் போய்விட்டதா? ஒரே லைனில் பல கெப்பாசிட்டர்கள் இணையாக இருப்பதால், சோதனை முடியும்வரை ஒன்று இல்லாமலே போர்டு ஓடும். பிறகு அதே அளவு, அதே அல்லது கூடுதல் வோல்டேஜ் தாங்கும் புதியதைப் போடுங்கள்.

மாஸ்ஃபெட் என்றால் அதே எண் உள்ளதையே தேடுங்கள். எடுக்கும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக் சாக்கெட்களைக் கேப்டன் டேப்பால் மூடி, ஃப்ளக்ஸ் போட்டு, போர்டை அடியிலிருந்து 100 முதல் 150 டிகிரி வரை முன்சூடு ஏற்றி, மேலே ஹாட் ஏரை 350 முதல் 400 டிகிரியில் காட்டுங்கள். முன்சூடு இல்லாவிட்டால் பலகையின் உள்ளே உள்ள செம்புத் தளங்கள் சூட்டை எல்லாம் உறிஞ்சும். நீங்கள் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள், கடைசியில் ஈயம் உருகும் முன் பலகை உப்பிவிடும். ஈயம் முழுதாக உருகும்வரை பாகத்தை நெம்பாதீர்கள், தடமும் சேர்ந்து உரிந்து வரும்.

துளை வழியே நிற்கும் கெப்பாசிட்டருக்கு ஒரு தந்திரம்: ஈயம் கலக்காத சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். 63/37 ஈயக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். பழைய சால்டர் மேல் இந்தக் கலவையைச் சேர்த்து இரண்டையும் கலக்கவிட்டால் எளிதாகக் கழலும். புதிய கெப்பாசிட்டர் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) வகையாக இருக்க வேண்டும். மைனஸ் பக்கத்தைப் பழைய படத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். போர்டில் நிழலிட்ட பாதி பெரும்பாலும் மைனஸ், ஆனால் சில போர்டுகளில் அது தலைகீழாக இருக்கும்.

மாஸ்ஃபெட் போனால் அதன் டிரைவர் சிப்பையும் சந்தேகியுங்கள். டிரைவர் கெட்டிருந்தால் புதிய மாஸ்ஃபெட்டும் முதல் சுவிட்சிலேயே போய்விடும். பக்கத்து ஃபேஸின் (ஒரு காயிலும் அதற்குரிய மாஸ்ஃபெட்களும் சேர்ந்த தொகுதி) டிரைவரோடு பின்னுக்குப் பின் மின்தடையை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கருகிய பலகையைச் சுத்தமான நார் தெரியும்வரை சுரண்டி எடுங்கள். மேலடுக்குத் தடம் போயிருந்தால் கம்பி போட்டு இணைக்கலாம். வேலை முடிந்ததும் ஃப்ளக்ஸைத் துடைத்துக் காயவிட்டு, ஆறாம் படியை முழுதாக மறுபடி செய்யுங்கள். ஒரு ஷார்ட்டுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பது அரிதல்ல.

9. ஸ்டாண்ட்பை மின்சாரம் மட்டும்

ப்ராசஸர், ரேம் எதுவும் இல்லை, புதிய காயின் பேட்டரி மட்டும். பெஞ்ச் பவர் சப்ளையை 5 வோல்ட், 0.5 ஆம்ப் வரம்பில் வைத்து 9 ஆம் பின்னுக்குக் கொடுங்கள். நலமான போர்டு பெரும்பாலும் 0.2 ஆம்ப்புக்குள் எடுக்கும், அலங்கார விளக்குகள் இருந்தால் கொஞ்சம் கூடும். வரம்பை முட்டினால் உடனே எடுத்துவிட்டு எது சூடானது என்று பாருங்கள்.

சில நொடியில் சிப்செட் சுட ஆரம்பித்தால் அது உள்ளே போய்விட்டது. அடுத்துச் செய்ய எதுவும் இல்லை, 13 ஆம் படிக்குப் போங்கள். சூடாவது 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ரெகுலேட்டர் என்றால் அதை மாற்றிப் பார்க்கலாம்.

சூடு இல்லையென்றால் பயாஸ் சிப்பின் 8 ஆம் பின்னில் வோல்டேஜ் அளவுங்கள். சிப்பின் வகைப்படி 3.3 அல்லது 1.8 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாண்ட்பை சுற்று இன்னும் முழுமையாக எழவில்லை. அந்த நிலையில் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

10. முதல் முழு மின்சாரம்

நல்லதென்று உறுதியான பவர் சப்ளையை மாட்டுங்கள். போர்டு பெட்டிக்குள் போகக் கூடாது. அட்டை மேல் கிடக்கட்டும். முதலில் ப்ராசஸர் இல்லாமல் சுவிட்ச் போடுங்கள். சில போர்டுகள் ப்ராசஸர் இல்லாமல் எழவே எழாது, அது பழுதல்ல. எழுந்தால், காயில்களில் ப்ராசஸருக்கான வோல்டேஜ் எகிறி நிற்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

பிறகு பொருந்தக்கூடிய, போனாலும் பரவாயில்லாத பழைய ப்ராசஸர் ஒன்று, அதன் கூலர், ஒரே ஒரு ரேம். உங்கள் நல்ல ப்ராசஸரை இந்தக் கட்டத்தில் பணயம் வைக்காதீர்கள்.

பட்டனை அழுத்தியதும் 16 ஆம் பின் 5 வோல்ட் அருகிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சூப்பர் ஐஓ சிப்போ (பவர் பட்டன் போன்றவற்றைக் கவனிக்கும் சிப்) சிப்செட்டோ கட்டளை தரவில்லை. இறங்கி, பவர் சப்ளையின் லைன்கள் எழுந்த பிறகு 0.1 முதல் 0.5 நொடிக்குள் 8 ஆம் பின்னில், அதாவது சாம்பல் நிறக் கம்பியில், 5 வோல்ட் அருகே வர வேண்டும். பவர் சப்ளை எல்லாம் சீர் என்று போர்டுக்குச் சொல்லும் சமிக்ஞை அது. அதற்குப் பிறகே ப்ராசஸரின் வோல்டேஜ் எழும். காயிலில் அது 0.8 முதல் 1.4 வோல்ட் வரை இருக்கும்.

அரை நொடி சுற்றி அணைந்தால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஏதோ ஒரு லைனில் ஷார்ட் மிச்சமிருக்கிறது, பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்கிறது. தனி 12 வோல்ட் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு ஒருமுறை அழுத்துங்கள். இப்போது தொடர்ந்து சுற்றினால் தேட வேண்டிய இடம் ப்ராசஸரின் மின்சாரப் பகுதி.

11. எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை

ரேமை எடுத்து வேறு இடத்தில் மாட்டுங்கள். பேட்டரியை எடுத்து பயாஸ் அமைப்புகளை அழியுங்கள். இவை எளிது, முதலில் இவற்றை முடியுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் பயாஸ் சிப்பின் உள்ளடக்கம் சிதைந்திருக்கலாம். யுஎஸ்பியிலிருந்து பயாஸை எழுதும் பட்டன் உங்கள் போர்டில் இருந்தால் அதை முயலுங்கள். பலவற்றில் ப்ராசஸர் இல்லாமலேயே அது வேலை செய்யும்.

இல்லையென்றால் சிப்பைக் கழற்றிப் புரோகிராமரில் வைத்து எழுத வேண்டும். கிளிப் போட்டுப் போர்டிலேயே எழுதலாம் என்பார்கள். கிளிப் வழியாகப் போகும் மின்சாரம் சிப்செட் பக்கமும் கசியும், அளவும் பிசகும். மலிவான சிஎச்341ஏ புரோகிராமர்களில் சிலவற்றின் டேட்டா முனைகள் 5 வோல்ட் தருபவை. எழுதும் முன் அளந்து பாருங்கள். 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் கட்டாயம்.

எழுதும் முன் பழைய உள்ளடக்கத்தை இருமுறை படித்து இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் முகவரியும் வரிசை எண்ணும் பல போர்டுகளில் அங்கேதான் இருக்கும். சிப்பின் பெயரில் உள்ள 128 என்பது மெகாபிட், அதாவது 16 மெகாபைட். தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிய கோப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் முன்பக்கம் கூடுதல் தகவல் ஒட்டியிருக்கிறது. அதை நீக்காமல் எழுதினால் போர்டு எழாது.

12. மற்றவற்றைத் திருப்பி மாட்டும் வரிசை

ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். முதலில் ரேம். டிடிஆர்5 ரேமில் மின்சாரச் சிப் அந்தப் பலகையிலேயே இருக்கிறது. அது போர்டின் 5 வோல்ட்டை நேராக வாங்குகிறது. 5 வோல்ட் லைன் எகிறிய கணினியிலிருந்து எடுத்த டிடிஆர்5 ரேமைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

அடுத்து, சோதனைக்குப் போட்டதை எடுத்துவிட்டு, இந்தக் கணினியின் சொந்த ப்ராசஸர். பிறகு கிராபிக்ஸ் கார்டு, மாட்டும் முன் அதன் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்துவிடுங்கள். கடைசியாக டிஸ்க், அதுவும் டேட்டா இல்லாத ஒன்று. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டினால், மறுபடி ஏதாவது நடக்கும்போது எது யாரைக் கொன்றது என்று தெரியாது.

இப்போது சில மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, மாற்றிய மாஸ்ஃபெட் பக்கத்து மாஸ்ஃபெட்களைவிடச் சூடாகிறதா என்று பாருங்கள். இரவு முழுக்க அணைத்துக் குளிரவிட்டு, காலையில் மறுபடி போடுங்கள். குளிர்ந்த நிலையில் மட்டும் எழ மறுக்கும் போர்டில் ஒரு சால்டர் இணைப்போ கெப்பாசிட்டரோ இன்னும் சரியில்லை. யுஎஸ்பி, ஒலி, நெட்வொர்க் முனைகள் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். திரை வந்த மகிழ்ச்சியில் இதை விட்டுவிட்டு, பிறகு பாதி முனைகள் செத்திருப்பதைக் கண்டவர்கள் உண்டு.

13. எப்போது நிறுத்த வேண்டும்

ஸ்டாண்ட்பையில் சிப்செட் சுட்டால் நிறுத்துங்கள். அந்தச் சிப்பின் அடியில் நூற்றுக்கணக்கான ஈய மணிகள் இருக்கின்றன. மாற்றுவதற்கான கருவியும் பயிற்சியும் போர்டின் மதிப்பைவிட அதிகம். பலகையின் உள்ளடுக்குகள் கருகியிருந்தாலும் நிறுத்துங்கள். மேலே எத்தனை கம்பி போட்டாலும் உள்ளே கரி வழியே மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். மாற்றிய மாஸ்ஃபெட் இரண்டாவது முறையும் போனால், அதன் கட்டுப்பாட்டுச் சிப்பையும் டிரைவரையும் சோதிக்காமல் மூன்றாவதை வீணாக்காதீர்கள்.

கைவிட்ட போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல மாஸ்ஃபெட்கள், காயில்கள், பாலிமர் கெப்பாசிட்டர்கள், பயாஸ் சிப் எல்லாம் அடுத்த மீட்புக்கு உதவும். அதில் எடுத்த மின்தடை அளவுகளை ஒரு தாளில் எழுதி போர்டிலேயே ஒட்டி வையுங்கள். அதே மாடல் இன்னொன்று வரும்போது ஷார்ட் இல்லாத லைன்களின் எண்கள் ஒப்பிடக் கிடைக்கும். பழைய பவர் சப்ளையின் கேபிள்களை, அது பிளக்கிலிருந்து பிரிந்து ஒரு நாள் கடந்த பிறகு, வெட்டிவிட்டு மின்கழிவுக்கு அனுப்புங்கள். கேபிளோடு அலமாரியில் கிடந்தால், அவசரத்தில் யாராவது ஒருநாள் அதை எடுத்து இன்னொரு கணினியில் மாட்டிவிடுவார்கள்.